மஞ்சள் அட்டை

நான் எதையும் மறக்கிற ரகம் இல்லை. என் கல்யாணப் பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் தாண்டிப்போன சித்தப்பா மகனை இன்றைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறேன். அவன் வீட்டு விசேஷத்துக்குப் போனால் அப்பளத்தைத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவளின் மகளைப் பள்ளியைவிட்டு வெளியே அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பிரின்சிபால் அம்மா என்னைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்திருக்கலாம்.

எங்கள் வீடு சேரப்பணஞ்சேரியில். ஒரகடத்தில், காருக்குள் ஓடும் ஒயர்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டித்தரும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கணவர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் காலை ஷிஃப்ட் என்றால் அவர் மதிய ஷிஃப்ட் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம். மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் எப்போதும் ஒருவர் வேண்டும்.

மகளுக்கு எட்டு வயது. ஆட்டிசம் என்று மூன்று வயதில் சொன்னார்கள். சொன்ன டாக்டர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதைக் கேட்டுவிட்டுச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சுதான் இன்னும் ஆறவில்லை. "வயித்துல புள்ளைய வெச்சிகினு நைட் ஷிஃப்ட் போனா பாரு, அதான்" என்றாள் என் நாத்தனார். "செல்லு குடுத்தே கெடுத்துட்டாங்க" என்றார் என் பெரியப்பா. அப்போது எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் செல். ஒவ்வொருவர் பேரிலும் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

தாம்பரம் பக்கம் ஒரு பயிற்சி மையத்துக்கு வாரம் ஒரு தரம் கூட்டிப்போவோம். மீதி நாளெல்லாம் நான்தான் டீச்சர். எனக்குத் தெரிந்த பாடமுறை ஒன்றே ஒன்று, எங்கள் லைனில் புதுப் பெண்களுக்கு வேலை பழக்கும் முறை. தெற்கத்திப் பெண்கள், ஒடிசாப் பெண்கள், உள்ளூர்ப் பெண்கள் என்று வருகிற எல்லாருக்கும் வாயால் விளக்கிக்கொண்டிருந்தால் வண்டி ஓடாது. அதனால் ஒவ்வொரு வேலையையும் படம் படமாகப் பிரித்துக் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டிருப்பார்கள். படத்தைப் பார்க்க வேண்டும், அதைச் செய்ய வேண்டும், அடுத்த படத்துக்குப் போக வேண்டும்.

அதையே வீட்டுச் சுவரில் ஒட்டினேன். பல் தேய்ப்பதற்கு ஒரு வரிசை, குளிப்பதற்கு ஒரு வரிசை. ஸ்கூலுக்குக் கிளம்ப இன்னொன்று: யூனிஃபார்ம், ஷூ, பை, கடைசியில் தெருமுனையில் வந்து நிற்கும் மஞ்சள் வேன். எல்லாப் படத்திலும் இருந்தது அவளுடைய கையும் காலும்தான். என் போனில் எடுத்து லேமினேட் செய்தவை. கம்பெனியில் ஸ்பேனர்களை மாட்டிவைக்கிற பலகை மாதிரி வீட்டிலும் ஒரு பிளைவுட் பலகை அடித்தோம். தட்டு, டம்ளர், சீப்பு ஒவ்வொன்றின் வடிவத்தையும் அதில் கோடாக வரைந்திருந்தேன். எடுத்த பொருள் அதன் கோட்டுக்குள் திரும்பி வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஒருநாள் சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். அன்று வீடு பட்ட பாட்டை அவர் இன்னும் எங்கள் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எண்களை அவள் படித்தது கம்பெனி பஸ்களில். சாயங்காலம் மெயின் ரோட்டோரம் நிற்போம். ஷிஃப்ட் விட்டு வரிசையாக வரும் பஸ்களின் முன்கண்ணாடியில் ரூட் நம்பர் ஒட்டியிருக்கும். முதலில் நான் சொல்வேன், அவள் பார்ப்பாள். பிறகு நான் சொல்லாமல் நின்றேன். "பன்னெண்டு" என்றாள் ஒருநாள். அம்மா என்று கூப்பிடாத பிள்ளை பன்னிரண்டு என்று சொன்னதற்கு நான் ரோட்டில் நின்று குதித்தேன். லாரி டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

இனி அந்த அட்டை. எங்கள் லைனில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கும். வேலையில் தப்பு கண்ணில் பட்டாலோ, கை ஓடாவிட்டாலோ இழுக்கலாம். மஞ்சள் விளக்கு எரியும், ஒரு மெட்டு ஒலிக்கும், லைன் நிற்கும், லைன் லீடர் ஓடிவருவாள். வந்தவள் முதலில் "தேங்க்ஸ்" என்று சொல்ல வேண்டும். அடுத்து, "என்ன வேணும்?" ஏன் இழுத்தாய் என்று கேட்கவே கூடாது. கேட்டால் அடுத்த முறை பயந்துகொண்டு இழுக்கமாட்டார்கள், தப்பு அப்படியே காருக்குள் போய்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டு நான் சிரித்தேன். லைனை நிறுத்தினால் நன்றி சொல்வார்களாம், நல்ல கதை என்று நினைத்தேன்.

மிக்ஸி ஓடினால் என் மகள் காதைப் பொத்திக்கொள்வாள், பிறகு தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு காலை அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கயிறு எனக்கு உறைத்தது. இவளுக்கும் உலகத்தை நிறுத்த ஒரு கயிறு வேண்டும். மஞ்சள் அட்டை ஒன்றை வெட்டி லேமினேட் செய்து ஐடி கார்டு கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் போட்டேன். கணவர் மிக்ஸியைப் போடுவார். நான் அவள் கையைப் பிடித்து அட்டையைத் தூக்கவைப்பேன். உடனே அவர் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, "தேங்க்ஸ்டா, இன்னா வேணும்?" என்று கேட்பார். நாள்கணக்கில் இதே நாடகம். பிறகு ஒருநாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது, யாரும் கையைப் பிடிக்காமலே அட்டை மேலே எழுந்தது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு இட்லிக்குப் பாதி அரைத்த சட்னிதான்.

பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே ஜன்னலோரத்தில் ஓர் இடம், அங்கிருந்து ரோடும் பஸ்களும் தெரியும். வகுப்பு டீச்சரிடம் அட்டையைப் பற்றிச் சொல்லியிருந்தேன். தூக்கினால் அவளை வராந்தாவில் கொஞ்ச நேரம் நிற்கவிடுவார், அமைதியானதும் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் புதிதாகப் பிரின்சிபால் ஒருவர் வந்தார். அசெம்பிளியில் ஒரு குழந்தையின் தலைமுடிகூட அசையக் கூடாது என்கிற ரகம்.

விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்த நாள். மைதானத்தில் டிரம் செட்டும் ஒலிபெருக்கியும். என் மகள் அட்டையைத் தூக்கியிருக்கிறாள். டீச்சர் அவளைக் கூட்டிப்போக வந்தபோது, "லைன்ல நிக்கட்டும்" என்று பிரின்சிபால் தடுத்து, அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றியிருக்கிறார். பிறகு என்ன நடக்கும்? கத்தியிருக்கிறாள், ஓடியிருக்கிறாள், பிடித்த கையைக் கடித்திருக்கிறாள். எனக்குத் தகவல் வந்ததும் லைனைவிட்டு வெளியேறி ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில், செருப்பு அடுக்கும் இடத்தில், பாவாடையை நனைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு ஆயாகூட அவளுக்குத் துணி மாற்றிவிடவில்லை.

பிரின்சிபால் கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். "இதோ பாருங்கம்மா, இது நார்மல் ஸ்கூல். மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. ஒரு பொண்ணு கார்டு காட்டினா நாங்க எல்லாத்தையும் நிறுத்தணுமா? இது என்ன ஃபுட்பால் மேட்ச்சா? டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க" என்றார்.

"அந்தக் கார்டு எங்க மேடம்?" என்று கேட்டேன்.

பேனாவால் காட்டினார். மேசைக்குப் பக்கத்தில் குப்பைக்கூடை. அந்த அம்மாவின் காலடியில் குனிந்து, பென்சில் துருவலுக்கும் டீக் கப்புக்கும் நடுவே கைவிட்டு அட்டையை எடுத்தேன். ஓரத்தில் டீக்கறை ஏறியிருந்தது. நான் குனிந்திருந்த நேரத்தில் அவர் போனை எடுத்து வேறு யாருடனோ பேச ஆரம்பித்துவிட்டார். நான் குனிந்த அந்தக் குனிவை இவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

டி.சி.யை நான் வாங்கவில்லை. எப்போதாவது வீட்டுக்கு வந்து மகளைப் பார்த்துப்போகும் அரசாங்கச் சிறப்பு ஆசிரியை, "சட்டப்படி அவங்க அனுப்ப முடியாதுங்க, மனு குடுங்க" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் மனு கொடுத்தால் மனுவுக்குத்தான் பதில் வரும். எனக்கு அந்த அம்மாவின் முகம் வேண்டியிருந்தது. லைனில் ஒயரைச் சொருகும்போதெல்லாம் விதவிதமாகப் பழிவாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் ஸ்கூட்டர் நடுரோட்டில் நின்றுபோகும், கொளுத்தும் வெயிலில் நான் கம்பெனி பஸ்ஸில் ஏசிக் காற்றில் உட்கார்ந்து தாண்டிப் போவேன். இன்னொரு நாள் அவரை ஆயிரம் டிரம் செட்டுக்கு நடுவில் நிற்கவைப்பேன். சாப்பாட்டு இடைவேளையில் சோறு இறங்காது, கறுவல்தான் இறங்கும்.

வீட்டிலோ வேறு ஒரு வினை. காலையில் சுவரிலிருக்கும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து யூனிஃபார்ம் போட்டுக்கொள்வாள், ஷூ மாட்டுவாள், பையை எடுப்பாள். கடைசிப் படம் வேன். தெருமுனைக்குப் போய் நிற்பாள். வேன் வரும், டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டிப்போய்விடுவார். அவள் அங்கேயே நிற்பாள். வேன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துப் பார்த்தேன். காலியான இடத்தில் விரலை வைத்துக்கொண்டு அவள் கத்திய கத்தலில் திரும்ப ஒட்டிவிட்டேன். எங்கள் ஊர் அரசுப் பள்ளிக்கும் கூட்டிப்போனேன். அந்த டீச்சர் தங்கமானவர். ஆனால் மகள் கேட்டைத் தாண்டவில்லை. வேனில் ஏறாமல் எப்படிப் பள்ளி வரும்? நான் பழக்கிய வரிசை அப்படி.

இதையும் அந்த அம்மாவின் பேரிலேயே எழுதிக்கொண்டேன்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். எங்கள் கம்பெனி அந்தப் பள்ளிக்கு ஸ்மார்ட் கிளாஸ் போட்டுக்கொடுக்கப்போவதாகவும், பள்ளியிலிருந்து விருந்தினர்கள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வருவதாகவும் லைனில் சொன்னார்கள். அன்று தலையை நன்றாக வாரி, சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

விசிட்டர்களுக்குக் கொடுக்கும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடியும் வெள்ளைத் தொப்பியுமாக அந்த அம்மா வந்தார். மாஸ்க்கும் தொப்பியுமாக இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஹெச்.ஆர். சார் என் இடத்துக்குப் பின்னால் வந்து நின்று கயிற்றைக் காட்டினார். "இங்க கடைசி வொர்க்கர்கூட லைனை நிறுத்தலாம் மேடம். நிறுத்தினவங்களுக்கு நாங்க தேங்க்ஸ் சொல்லுவோம். ஏன்னு கேக்க மாட்டோம், என்ன வேணும்னு கேப்போம்."

"எக்ஸலண்ட்! தொழிலாளிங்க மேல எவ்வளவு நம்பிக்கை! இதை எங்க பசங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும்" என்றார் அந்த அம்மா.

என் கையிலிருந்த ஒயர்கட்டில் ஒரு கனெக்டர் முழுசாகப் பூட்டிக்கொள்ளாமல் வந்திருந்தது. மற்ற நாளாக இருந்தால் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு அனுப்பியிருப்பேன். அன்று கயிற்றை இழுத்தேன். விளக்கு எரிந்தது, மெட்டு ஒலித்தது, லைன் முழுக்க நின்றது. எங்கள் லைன் லீடர், திருநெல்வேலிப் பக்கத்துச் சின்னப் பெண், ஓடிவந்தாள்.

"தேங்க்ஸ்க்கா. என்ன வேணும்க்கா?"

"இது பூட்டல. பாரு" என்று ஒயரை அவள் கையில் கொடுத்தேன். பிறகு மாஸ்க்கை இறக்கிவிட்டுத் திரும்பினேன். "பசங்களுக்குச் சொல்லுங்க மேடம். எங்க பொண்ணு கழுத்துலயும் இதே கயிறுதான் இருந்துச்சு, மஞ்சள் கார்டு. நீங்க அத்த குப்பைல போட்டீங்க. நாந்தான் குனிஞ்சு எடுத்தேன். ஞாபகம் கீதுங்களா?"

அந்த அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. லைன் நின்றுபோன அமைதியில் நான் பேசியது அந்த ஷெட் முழுக்கக் கேட்டது. பக்கத்து டேபிள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஹெச்.ஆர். சார் "அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்" என்று விருந்தினர்களைக் கான்டீன் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது.

ஷிஃப்ட் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். "விசிட்டர் முன்னால ஏம்மா கயிற இழுத்தே?" என்று அவர் ஆரம்பித்ததுமே, உடன் வந்திருந்த லைன் லீடர் குறுக்கே விழுந்தாள். "சார், லாக் ஆகாம வந்தது நெசம், நானே பாத்தேன். ஏன் இழுத்தன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொல்லிக் குடுத்திய?" அவர் அவளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். போய் வேலையைப் பாருங்கள் என்றார்.

மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல், அந்த அம்மாவிடமிருந்து போன். "பழசையெல்லாம் விட்டுடலாம்மா. குழந்தையை அனுப்புங்க. வேன் டிரைவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஸ்மார்ட் கிளாஸ் கைநழுவிவிடுமோ என்ற பயம் அந்தக் குரலில் நன்றாகவே தெரிந்தது. நான் ஆற அமரச் சொன்னேன்: "இல்ல மேடம். நார்மல் ஸ்கூலுக்கெல்லாம் நாங்க எங்க பொண்ண அனுப்பறது இல்ல." போனை வைத்துவிட்டேன். தீபாவளிக்குக்கூட நாக்கில் அப்படி ஒரு இனிப்பு இருந்ததில்லை.

கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அவங்கதான் எறங்கி வர்றாங்களே. புள்ள தெனம் போயி வேனுக்கு நிக்குது."

"நிக்கட்டும்" என்றேன். "அந்தம்மா இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும்."

"தவிக்கறது அந்தம்மாவா?" என்றார். நான் துணி மடிக்கப் போய்விட்டேன்.

மறுநாளிலிருந்து எனக்கு மதிய ஷிஃப்ட். காலையில் மகளோடு தெருமுனைக்குப் போனேன். வேன் வந்தது. அன்றைக்கு டிரைவர் தலையைக் குனியவில்லை. நிறுத்திக் கதவைத் திறந்தார். "ஏத்திக்கச் சொல்லிட்டாங்கக்கா, மேடமே சொன்னாங்க" என்றார்.

"அவ வரல. நீ போ" என்றேன். மகள் படியில் கால் வைக்கப் போனாள். கையைப் பிடித்து இழுத்தேன். மறுபடியும் போனாள். இறுக்கிப் பிடித்தேன், அவள் மணிக்கட்டு சிவக்கிற அளவுக்கு.

அவள் மற்ற கையால் அட்டையைத் தூக்கினாள்.

மிக்ஸிக்குத் தூக்கியிருக்கிறாள், டிரம் செட்டுக்குத் தூக்கியிருக்கிறாள். எனக்கு எதிராகத் தூக்கியது அதுவே முதல் தடவை. டீக்கறை பட்ட ஓரம் என் மூக்குக்கு நேராக நின்றது. 'ஏன்டி, உன்னைத் தூக்கி எறிஞ்ச எடத்துக்கே ஏன் போறே?' என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏன் என்று கேட்கக் கூடாது. அந்தச் சட்டத்தை இந்த வீட்டில் கொண்டுவந்தவள் நான். அவள் கையை விட்டேன். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"தேங்க்ஸ்டா" என்றேன். "இன்னா வேணும்?"

"வேன்" என்றாள்.

ஏற்றிவிட்டேன். அவள் பின்னாலேயே நானும் ஏறினேன். நைட்டியும் மேலே துண்டுமாக, குழந்தைகளுக்கு நடுவில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எதிரே வரும் பஸ்களின் நம்பர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே வந்தாள்.

கேட்டில் பிரின்சிபால் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார். நான் சிரிக்கவில்லை. "கார்டு அவ கழுத்துலயே இருக்கும் மேடம். தூக்கினா முதல்ல தேங்க்ஸ், அப்புறம் என்ன வேணும். ஏன்னு கேக்கக் கூடாது" என்றேன்.

"சரிம்மா, டீச்சர்கிட்ட சொல்லிடறேன்."

"நீங்களே ஒருவாட்டி செஞ்சு காட்டுங்க. எங்க லைனுக்குப் புதுசா வர்றவங்க செஞ்சு காட்டினாத்தான் நாங்க உள்ள வுடுவோம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் அசெம்பிளிக்கு டிரம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மகளின் தோள் காது வரைக்கும் ஏறியது. அட்டை மேலே எழுந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து மெதுவாக, "தேங்க்ஸ்" என்றார்.

"எனக்கு எதுக்கு மேடம்? கார்டு அவ கையில கீது."

வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். வேனிலிருந்து இறங்கிய குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா டிரம்மை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினார். பிறகு புடவை மடிப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என் மகளின் முகம் இருக்கிற உயரத்துக்குக் குனிந்தார்.

"தேங்க்ஸ்மா. என்ன வேணும்?"

மகள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஜன்னலோர இடம் இருக்கும் வகுப்பைக் கைகாட்டிவிட்டு உள்ளே நடந்துவிட்டாள். நான் அங்கேயே நின்று, அந்த அம்மா நிமிர்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.